கர்த்தருடைய வேளையும் கேட்கப்படாத மகளும்: ஒரு சேலம் குடும்பத்தின் வரன் தேடல்

சேலம் சூரமங்கலத்தில் வசிக்கும் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். அப்பா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா சபையின் பெண்கள் ஐக்கியத்தில் முன்னால் நிற்பவர். மகளுக்கு 31 வயது. ஏற்காட்டில் ஒரு விடுதிப் பள்ளியில் கணக்கு டீச்சர். வாரக் கடைசியில் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வீட்டுக்கு வந்து, திங்கள் விடிகாலை பஸ்ஸில் திரும்ப ஏறுவாள். மகனுக்கு 28. அவனுக்குப் பேசி வைத்திருக்கும் பெண் வீட்டார், "அக்காவுக்கு முடியட்டும்னு எத்தனை நாளைக்குங்க?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

ஏழு வருஷமாக மகளுக்கு வரன் பார்க்கிறார்கள். ஒன்று நிச்சயதார்த்தம் வரை போய் நின்றுபோனது. எங்கள் சபையில் திருமண ஆலோசனைக்கென்று ஒரு சின்னக் குழு உண்டு. அதில் நானும் ஒருத்தி. அம்மா எங்களிடம் கொண்டுவந்த கேள்வி இதுதான்: "கர்த்தருடைய வேளை இன்னும் வரலையாக்கா? இல்ல, வந்து நாங்க தவறவிட்டுட்டோமா?"

இதைப் போன்ற கேள்வியோடு வருகிற குடும்பங்கள் நிறைய. அதனால்தான் குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றி எழுதுகிறேன். வாலிபர் ஊழியத்திலும் ஆலோசனை ஊழியத்திலும் இருப்பவர்களுக்கு உதவலாம்.

குடும்பப் பின்னணி

லண்டன் மிஷன் சேலத்தில் ஊழியம் தொடங்கியது 1827-ல். 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அந்தச் சபைகள் அதில் சேர்ந்தன. இந்த அம்மாவின் தாத்தா காலத்தில் ஒரு கிளை மட்டும் சபைக்கு வந்தது. மற்றக் கிளைகள் இன்றும் அம்மாப்பேட்டைப் பக்கம் தறி போட்டுக்கொண்டு, ஆடியில் கோட்டை மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். நல்லது கெட்டதுக்கு இரண்டு பக்கமும் போக்குவரத்து உண்டு.

அந்தப் பக்கத்துப் பெரியம்மா ஒருவர், "குருபலம் வந்துருச்சான்னு பாருங்க, இல்லாட்டி கோயில்ல ஒரு பூக் கேட்டுப் பாத்துரலாம்" என்று சொல்லியிருக்கிறார். பூக் கேட்பது கொங்குப் பக்கத்தில் பலருக்கும் தெரிந்ததுதான். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் என்று மடித்துச் சாமி முன்னால் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். நினைத்த நிறம் வந்தால் உத்தரவு. அம்மாவுக்கு இதைக் கேட்டதும் கோபம். "நாங்க ஜெபத்துல கேக்கறவங்க" என்று பதில் சொல்லி அனுப்பிவிட்டார்.

நோட்டு

அம்மா இரண்டாம் சந்திப்புக்கு ஒரு பழைய ரயில்வே டைரியைக் கொண்டுவந்தார். பழுப்பு அட்டை, முனை மழுங்கியது. அதில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு நாலு கட்டம்: தேதி, வரன், வசனம், பதில். நீல மையில் சிறுசிறு எழுத்து, வேதப் புத்தகப் பெயர்கள் சுருக்கமாக. 'ஈரோடு. பையன் பேங்க். ஏசா 30:15. காத்திரு.' 'நாமக்கல். கோழிப் பண்ணை சொந்தம். நீதி 10:22. இல்லை.' 'திருச்சி. பெங்களூரில் வேலை. சங் 37:4. ஆம்.' அந்த 'ஆம்' என்பதன் மேல் பிறகு ஒரு குறுக்குக் கோடு. இப்படிப் பதினேழு வரன்கள்.

இவ்வளவு ஒழுங்காக ஒரு தாய் தன் மகளுக்காக ஜெபித்ததற்கு எழுத்தில் சாட்சி இருப்பதைப் பார்த்தால் யாருக்கும் மரியாதைதான் வரும். குழுவில் கேலி பண்ணியவர் யாரும் இல்லை. ஆனால் நோட்டை இரண்டாம் தடவை புரட்டும்போது ஒன்று கண்ணில் பட்டது. பதினேழு வரனில் ஒன்றுக்குக்கூட மகள் என்ன சொன்னாள் என்று எழுதியிருக்கவில்லை. அதற்கென்று கட்டமே இல்லை.

முதல் வரன்

ஈரோட்டு வரன் வந்தபோது மகளுக்கு 24. நல்ல குடும்பம், பையனுக்கு வங்கி வேலை, வரதட்சணைப் பேச்சே இல்லை. அந்த வருஷம் டிசம்பர் 31 இரவு ஆராதனையில் அம்மா எடுத்த வாக்குத்தத்த அட்டையில் (புது வருஷத்துக்கென்று ஆளுக்கொரு வேத வசனம் எழுதிய அட்டை) ஏசாயா 30:15: "அமரிக்கையும் நம்பிக்கையுமே உங்கள் பெலனாயிருக்கும்." அமர்ந்திரு என்று கர்த்தர் சொல்லிவிட்டார், இப்போது அவசரம் வேண்டாம் என்று ஈரோட்டுக்குப் பதில் போனது.

அந்த அதிகாரத்தைத் தொடக்கத்திலிருந்து வாசித்தால், பேச்சு எகிப்தைப் பற்றியது. அசீரியாவுக்குப் பயந்து, கர்த்தரைக் கேட்காமல் எகிப்தின் குதிரைகளை நம்பி ஓடிய யூதாவின் தலைவர்களுக்குச் சொன்னது. சூரமங்கலத்துப் பெண்ணுக்கு ஈரோட்டில் வரன் பார்க்கலாமா கூடாதா என்பதற்கு அதில் பதில் இல்லை. வாக்குத்தத்த அட்டையை நான் குறை சொல்லவில்லை. புத்தாண்டு இரவில் அதை வாங்கும்போது எனக்கும் கை படபடக்கும். வருஷம் முழுக்க மனதில் வைத்து ஜெபிக்க அது நல்ல துணை. வீட்டுக்கு வந்த ஒருவருக்கு வேண்டாம் என்று சொல்ல அதைக் காரணமாகக் காட்டுவது வேறு காரியம்.

வெள்ளிக்கிழமை போன்

திருச்சி வரன் வந்தபோது அவளுக்கு 28. வீட்டில் பதற்றம் ஏறியிருந்த நேரம். வெளியூரிலிருந்து வந்த ஊழியர் ஒருவர் கூட்டத்தில், "இந்த வருஷம் முடியறதுக்குள்ள உங்க வீட்ல கல்யாணச் சத்தம் கேக்கும்" என்று பொதுவாகச் சொல்லிப் போயிருந்தார். கூடத்தில் இருந்த எத்தனையோ பேர் அதைத் தங்கள் வீட்டுக்கென்று எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

அம்மா ஓர் அடையாளம் கேட்டார். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிவதற்குள் பையன் வீட்டார் அவர்களாகவே போன் பண்ணினால் இது கர்த்தர் நடத்துவது. வெள்ளி மத்தியானம், ஜெபம் நடந்துகொண்டிருக்கும்போதே போன் வந்தது. அம்மா அழுதுவிட்டார். ஒரே மாதத்தில் நிச்சயதார்த்தம், மோதிரம், சாப்பாடு எல்லாம் முடிந்தது. பையன் வேலை செய்யும் இடத்தில் யாரும் விசாரிக்கவில்லை. "கர்த்தரே பேசின பிறகு மனுஷனை என்னத்தைக் கேக்கறது?" என்பது அன்றைய மனநிலை.

சபையில் திருமண அறிக்கை வாசிக்க மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு நாள் ராத்திரி பையன் ஏற்காட்டுக்கு போன் பண்ணினான். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"அவர் ரொம்ப நேரம் சுத்தி வளைச்சுப் பேசினார். அப்புறம், 'தப்பா நினைக்காதீங்க, எனக்கு இங்க ஒருத்தங்களைப் பிடிச்சிருக்கு. எங்க வீட்ல என்னைக் கேக்கவே இல்லைங்க'ன்னார். எனக்குக் கோவமே வரலை. 'என்னையும் யாரும் கேக்கலைங்க'ன்னு சொன்னேன். ரெண்டு பேருமே சிரிச்சுட்டோம். போனை வச்ச பிறகுதான் அழுகை வந்துச்சு."

அதற்குப் பிறகு மூன்று வருஷம் அவள் வரன் என்ற பேச்செடுத்தாலே மாடிக்குப் போய்விடுவாள். 'கர்த்தருடைய வேளை' என்று வீட்டில் சொல்வதைக் கேட்டால் எரிச்சல். ஆனாலும் ஞாயிறு ஆராதனைக்கு வருவதை நிறுத்தவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அம்மாவிடம் அடையாளம் கேட்டதைப் பற்றிப் பேசியபோது, "கிதியோன் தோலைப் போட்டுக் கேக்கலையாக்கா?" என்றார். கேட்டான்தான், ஆட்டுத் தோலில் மட்டும் பனி பெய்யட்டும் என்று. ஆனால் நியாயாதிபதிகள் 6-ல் கிதியோனுக்குக் கர்த்தர் என்ன செய்யவேண்டும் என்று முன்னமே தெளிவாகச் சொல்லியிருந்தார். தோலைப் போட்டது பயத்தில், சொன்னதையே திரும்ப உறுதிப்படுத்திக்கொள்ள. இரண்டாம் முறை கேட்கும்போது உமது கோபம் என்மேல் மூளவேண்டாம் என்று அவனே கூசிக் கேட்கிறான். அதை எல்லாருக்கும் வழிமுறையாக வேதம் எங்கும் வைக்கவில்லை. இதை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது மகள் குறுக்கே வந்தாள்: "அம்மா, வெள்ளிக்கிழமை போனுக்கும் பெரியம்மா சொன்ன பூவுக்கும் என்ன வித்தியாசம்?" அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அன்றைக்குப் பேச்சு அதோடு முடிந்தது.

கிணற்றடியில் நடந்தது

கல்யாண விஷயத்தில் கர்த்தர் வழிநடத்துவார் என்பதற்கு எல்லாரும் எடுத்துக்காட்டுவது ஆதியாகமம் 24. ஆபிரகாமின் ஊழியக்காரன் ஈசாக்குக்குப் பெண் தேடிப் போய்க் கிணற்றடியில் ஜெபிக்கிற பகுதி. அடுத்த சந்திப்பில் முழுக் குடும்பமும் உட்கார்ந்து 67 வசனத்தையும் நிதானமாக வாசித்தோம். இந்த ஆய்வில் திருப்பம் என்று ஒன்று இருந்தால் அது இங்கேதான்.

ஊழியக்காரன் கேட்ட அடையாளம் என்ன? குடிக்கத் தண்ணீர் கேட்டால், 'உமக்கும் தருகிறேன், ஒட்டகங்களுக்கும் வார்க்கிறேன்' என்று சொல்கிற பெண். அவனோடு வந்தது பத்து ஒட்டகம். தாகத்தோடு வந்த ஒட்டகம் ஒன்றே நூறு லிட்டர் வரை குடிக்கும். குடத்தில் மொண்டு மொண்டு ஊற்ற வேண்டும். முன்பின் தெரியாத வழிப்போக்கனுக்காக இதைச் செய்கிறவள் எப்படிப்பட்டவள் என்று அந்த அடையாளமே காட்டிக் கொடுத்துவிடும். வெள்ளி மத்தியானம் போன் வந்ததில் பையனுடைய குணம் எங்கே தெரிந்தது?

அப்புறம், அவன் கேட்டது அப்படியே நடக்கிறது. உடனே துள்ளிக் குதித்தானா? 21-ஆம் வசனம், கர்த்தர் தன் பிரயாணத்தை வாய்க்கப்பண்ணினாரோ இல்லையோ என்று அறியும்படி அவன் மௌனமாயிருந்தான் என்கிறது. அதற்குப் பிறகு, நீ யாருடைய மகள் என்று விசாரிக்கிறான். வீட்டுக்குப் போய், வந்த காரியத்தைச் சொல்லுமுன் சாப்பிடமாட்டேன் என்று எல்லாவற்றையும் திறந்து பேசுகிறான். பெண்ணின் சகோதரன் லாபானும் அப்பா பெத்துவேலும், இது கர்த்தரால் வந்தது என்று ஒப்புக்கொள்கிறார்கள். அதற்கும் மறுநாள் அந்தப் பெண் ரெபெக்காளைக் கூப்பிட்டு, "நீ இந்த மனிதனோடேகூடப் போகிறாயா?" என்று கேட்கிறார்கள்.

இந்த இடத்தில் அப்பா ஒரு நல்ல கேள்வி கேட்டார். "உடனே கிளம்பறியா, பத்து நாள் இருந்துட்டுப் போறியான்னுதானே அதுல கேக்கறாங்க?" உண்மைதான், அந்த வசனத்தின் நேரடிப் பேச்சு அதுதான். அதைவிட அதிகமாக அதன்மேல் ஏற்றக்கூடாது. ஆனாலும் கர்த்தரால் வந்தது என்று பெரியவர்கள் தீர்மானித்த பிறகும், அவள் 'போகிறேன்' என்று சொன்ன பிறகுதான் ஒட்டகம் நகர்கிறது. அந்தக் காலத்துக்கு அது சின்ன விஷயம் இல்லை.

காத்திருப்பைப் பற்றியும் பேசினோம். ரூத் 3-ல் நகோமி, போவாஸை மணக்கக் காத்திருக்கும் மருமகள் ரூத்திடம் 'பொறுத்திரு' என்கிறாள். ஏன்? அந்த மனுஷன் இன்றைக்கே காரியத்தை முடிக்காமல் இளைப்பாறமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். போவாஸ் பட்டணவாசலில் மூப்பர்களைக் கூட்டி, தன்னைவிட நெருங்கின உறவினன் எதிரிலேயே காரியத்தைப் பேசி முடிக்கிறான். ரூத் பொறுத்திருந்த நேரத்தில் ஒருவர் ஓடிக்கொண்டிருந்தார். இந்த வீட்டில் ஏழு வருஷமும் யார் ஓடினார்கள் என்பதே எங்கள் கேள்வி.

பேசப்படாமல் இருந்த இரண்டு

அப்பாவைத் தனியாகச் சந்தித்தபோது, யாரும் கேட்காமலே ஒரு கணக்கைச் சொன்னார். சூரமங்கலம் வீட்டுக் கடன் அவர் ஓய்வு பெற்றபோது பாதிகூட முடியவில்லை. மகன் அப்போது கல்லூரியில். மாதத் தவணை மகளுடைய சம்பளத்தில்தான் போனது. போன வருஷம்தான் முடிந்தது. "ஈரோட்டு வரன் வந்தப்ப மனசுக்குள்ள அது இருந்துச்சுங்க. வசனம் வந்ததும் ஒரு நிம்மதி. கர்த்தரே நிறுத்திட்டார்னு நினைச்சுக்கிட்டேன்."

இதில் வில்லன் யாரும் இல்லை. மகள் மனமாரத்தான் கொடுத்தாள். ஆனால் பணக்கஷ்டம் என்ற காரணத்துக்கு வசனம் போர்வையாகிவிட்டால், அதைப் பற்றி வீட்டில் யாரும் பேச முடியாமல் போய்விடுகிறது. கஷ்டத்தைச் சொல்லியிருந்தால் ஈரோட்டுக்காரர்கள் ஒத்துக்கொண்டுகூட இருக்கலாம்.

இரண்டாவதைக் கிளப்பியவர் போதகர். நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "பதினேழும் ஒரே ஜாதியா இருக்குதே. இது ஜெபத்துல கேட்டதா, சொந்தக்காரங்ககிட்ட கேட்டதா?" என்றார். அப்பா ரொம்ப நேரம் கழித்து, "அது வழக்கம்ங்கய்யா" என்றார். 1 கொரிந்தியர் 7:39-ல் கணவனை இழந்தவள் மறுபடி மணம் செய்யப் பவுல் போடும் நிபந்தனை ஒன்றே ஒன்று: கர்த்தருக்குட்பட்டவனாக இருக்கவேண்டும். நம் சபைகளில் கர்த்தருடைய சித்தத்தைத் தேடுகிறோம் என்று சொல்லும்போது, வேலியை முதலில் போட்டுவிட்டு அதற்குள்ளே தேடித்தரும்படிதான் அநேகமாகக் கேட்கிறோம். நேரத்திலும் இப்படித்தான். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து (தவக்கால) நாட்களில் கல்யாணம் வைப்பதில்லை, அது சபை ஒழுங்கு. ஆனால் எங்கள் ஊரில் ஆடி மாதத்தில் கர்த்தருடைய வேளை வந்ததாகவும் நான் கேள்விப்பட்டதில்லை.

மகளைக் கேட்டபோது

மகளோடு போதகரின் மனைவியும் நானும் மட்டும் பேசினோம். முதல் கேள்வி அவளுடையது: "கல்யாணமே வேண்டாம்னு சொல்றதும் கர்த்தருடைய சித்தமா இருக்கலாமா?" இருக்கலாம், பவுல் அதே 7-ஆம் அதிகாரத்தில் அதையும் சொல்கிறார் என்றோம். கொஞ்ச நேரம் யோசித்தவள், "சரி, அப்ப எனக்கு வேணும்" என்றாள். வேண்டாம் என்று சொல்ல வழி இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் வேண்டும் என்று சொல்ல முடிந்தது போலும்.

ஜெபிப்பதைப் பற்றிக் கேட்டேன். "ஜெபிச்சா எனக்கு யார் பேரும் காதுல கேக்கறதில்லீங்க ஆன்ட்டி. பயம் குறையுது. எதைக் கேக்கணும்னு தெளிவாகுது. அவ்வளவுதான்." வழிநடத்துதல் என்பதற்கு அவள் சொன்ன இந்த விளக்கம் எனக்குப் போதுமானதாகப் பட்டது.

சில மாதம் கழித்து, சபையில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர் ஒரு வரன் சொன்னார். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை, வயது 34, அப்பா இல்லை, தங்கைக்குக் கல்யாணம் முடித்தவர். வேறு ஜாதி. இந்த முறை அடையாளம் எதுவும் கேட்பதில்லை என்று வீட்டிலேயே பேசி முடிவு செய்துகொண்டார்கள். ஓசூர் சபையின் போதகரிடம் விசாரித்தோம். வேலை செய்யும் இடத்தில் தம்பியே போய்க் கேட்டுவந்தான். அதற்குப் பிறகு இருவரும் ஏற்காடு ஏரிக்கரையில் சந்தித்தார்கள். கொஞ்சம் தள்ளி ஒரு பெஞ்சில் தம்பி மிளகாய் பஜ்ஜியோடு காவல்.

அவள் நேராகக் கடன் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாள். அவர் தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய கடனைச் சொல்லி, போனை எடுத்து மீதி எவ்வளவு என்று காட்டியிருக்கிறார். "எங்க அப்பா அம்மா பின்னாடி நம்மகூட இருக்க வேண்டி வந்தா?" என்றதற்கு, "உடனே சொல்லத் தெரியலைங்க. எங்க அம்மாவும் இருக்காங்க. யோசிச்சுச் சொல்றேன்" என்றாராம். அந்த 'யோசிச்சுச் சொல்றேன்' அவளுக்குப் பிடித்துப்போனது. ஒரு வாரம் கழித்து, உண்மையிலேயே யோசித்த பதிலோடு போன் வந்தது.

ஒத்துக்கொள்ள அப்பாவுக்குத்தான் நாளானது. ஆத்தூர்ப் பக்கத்துப் பங்காளிகள் வரமாட்டோம் என்றார்கள். இரண்டு சபையிலும் மூன்று ஞாயிறு திருமண அறிக்கை வாசிக்கப்பட்டது. பெரியவர்கள் ஓலை வாசிப்பது என்பார்கள். இது புதிய வழக்கம் இல்லை. மேற்கத்தியத் திருச்சபை முழுவதற்கும் 1215-ல் நான்காம் லாத்தரான் சங்கம் இதை விதியாக்கியது. தடை ஏதாவது தெரிந்தவர்கள் முன்னமே சொல்லட்டும் என்பதற்காக. ஆக, விசாரிப்பது விசுவாசக் குறைவு என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும்: விசாரணையைச் சபையே ஆராதனைக்குள் வைத்திருக்கிறது. இரண்டாம் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உறவினர் ஒருவர் போதகரிடம் ஜாதியைச் சொல்லி ஆட்சேபித்தார். "நான் வாசிக்கற தடை நெருங்கின உறவு, முன்னமே கல்யாணம் ஆனது, இந்த மாதிரிதாங்க. நீங்க சொல்றது அதுல வராது" என்று போதகர் கையைப் பிடித்து அனுப்பிவைத்தார்.

ஈஸ்டர் முடிந்து மே மாதம் கல்யாணம் நடந்தது. பங்காளிகளில் பாதிப் பேர் வந்தார்கள். அம்மாப்பேட்டைப் பெரியம்மா முதல் ஆளாக வந்து மல்லிகைப் பூ கட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஆய்வுக் குழுவின் பார்வை

அம்மா இப்போது சொல்வது: "ஏழு வருஷம் முன்னாடி முடிஞ்சிருந்தா இந்த மாப்பிள்ளை கிடைச்சிருப்பாரா? எல்லாம் கர்த்தருடைய வேளைதான்." மகள் சொல்வது: "அப்பவே என்னைக் கேட்டிருந்தா வேற ஒரு நல்லவரும் கிடைச்சிருக்கலாம்மா." குழுவிலும் இதில் ஒருமித்த கருத்து இல்லை.

என் எண்ணத்தைச் சொல்கிறேன். நடந்து முடிந்ததைத் திரும்பிப் பார்த்துக் கர்த்தர் நடத்தினார் என்று சொல்ல விசுவாசிக்கு உரிமை உண்டு. யோசேப்பும் எல்லாம் முடிந்த பிறகுதான், நீங்கள் தீமை நினைத்தீர்கள், தேவன் நன்மையாக முடியப்பண்ணினார் என்று அண்ணன்மாரிடம் சொன்னான். அவர்கள் தள்ளிய குழிக்குள் கிடக்கும்போது அவனிடம் யாரும் போய் அதைச் சொல்லவில்லை. 28 வயதில் நிச்சயம் முறிந்து வந்த பெண்ணிடம் ஒரு வாரத்துக்குள் இதுவும் வேளைதான் என்று சொன்னவர்கள் பலர். அவள் எரிச்சல்பட்டது கர்த்தர்மேல் இல்லை.

எங்கள் குழுவில் ஒரு நடைமுறை மாறியிருக்கிறது. பெற்றோர் முதலில் வந்தாலும், பையனையோ பெண்ணையோ தனியாகச் சந்திக்காமல் இரண்டாம் சந்திப்புக்கு நேரம் கொடுப்பதில்லை. சில பெற்றோருக்கு இது பிடிக்கவில்லை. இரண்டு குடும்பங்கள் திரும்ப வரவும் இல்லை.

மகள் இப்போது ஓசூரில் இருக்கிறாள். அங்கே இன்னும் வேலை கிடைக்கவில்லை. அம்மா போனில், "கர்த்தருடைய வேளை வரும் கண்ணு" என்கிறாராம். அவள் நாலு பள்ளிக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். ஒன்றில் அடுத்த வாரம் நேர்காணல்.